டார்சிக்கு இன்னும் எத்தனை கல்யாணம்? – கடிதமும் பதிலும்

வணக்கம் மேடம்,

நான் கடலூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' எங்களுக்குப் பாடமாக இருந்தது. அப்போது நோட்ஸை மனப்பாடம் செய்து பாஸ் ஆனதோடு சரி. பல வருஷம் கழித்து, அதே கதையை மாற்றி எழுதிய ஒரு ரீஜென்சி நாவல், அதாவது ஆஸ்டின் காலத்து இங்கிலாந்தில் நடக்கிற காதல் கதை, போனில் இலவசமாகக் கிடைத்தது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. நாயகன் டார்சிக்கும் நாயகி எலிசபெத்துக்கும் கட்டாயக் கல்யாணம் நடப்பது, எலிசபெத்தின் அப்பா முதல் அத்தியாயத்திலேயே இறந்துபோவது, எலிசபெத் ஒரு பிரபுவின் தொலைந்துபோன பேத்தி என்று தெரியவருவது, எல்லாவற்றையும் படித்தாகிவிட்டது. 'ஸ்வீட்' என்று போட்டிருந்தால் மட்டும்தான் எடுப்பேன். முத்தத்தோடு நின்றுவிடும், வீட்டில் பிள்ளைகள் கையில் போன் போனாலும் பயமில்லை.

என் நாத்தனார் சிரிக்கிறாள். "முடிவு தெரிஞ்ச கதையை எத்தனை தடவைதான் படிப்பீங்க அண்ணி?" என்கிறாள். தீவிர இலக்கியம் படிக்கும் ஆபீஸ் தோழி ஒருத்தி, இதெல்லாம் உடம்பே இல்லாத காதல், பெரியவர்கள் படிக்கிற விஷயமில்லை என்கிறாள். எனக்கு இன்னொரு குழப்பம். பத்து படித்தால் எட்டு மறுநாளே மறந்துபோகிறது. இரண்டு மட்டும் மனதில் நிற்கிறது. அது ஏன்?

கடைசியாக ஒன்று. நானும் ஒரு கதை ஆரம்பித்திருக்கிறேன், இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு நடனக் காட்சி வரை வந்தாகிவிட்டது. அதில் எலிசபெத்துக்கு லண்டன் மாமா இருபதாயிரம் பவுண்டு எழுதிவைத்துவிட்டு இறந்துபோகிறார். அவள் யார் கையையும் எதிர்பார்க்காமல், காதலுக்காக மட்டுமே கல்யாணம் செய்யட்டும் என்று நினைத்தேன். சரியா வருமா?

அன்புடன்,
கே., கடலூர்

அன்புள்ள கே.,

நாத்தனாரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். காதல் கதையை முடிவு தெரியாமல் படிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு. எப்படிச் சேர்ந்தார்கள் என்று பார்க்கத்தான் எல்லோரும் படிக்கிறோம். இந்த விஷயத்தில் ஜேன் ஆஸ்டினே நம் கட்சி. 'பர்சுவேஷன்' நாவலை அவர் 1816 ஜூலை 18 அன்று முடித்தார். எட்டு வருஷம் பிரிந்திருந்த ஆன் எலியட்டும் கேப்டன் வென்ட்வர்த்தும் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் சேர்ந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. முதலில் எழுதியதில், அட்மிரல் கிராஃப்ட் வீட்டில் இருவரும் ஓர் அறையில் தனியே விடப்படுகிறார்கள். ஆன் வேறொருவரை மணக்கப்போவதாக ஊரில் பேச்சு. அது உண்மையா என்று அட்மிரலுக்காக வென்ட்வர்த்தே அவளிடம் கேட்க வேண்டிய நிலைமை. அவள் இல்லை என்கிறாள், இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள், முடிந்தது.

மூன்று வாரத்துக்குள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்று நாம் படிக்கும் முடிவை எழுதினார். பாத் நகரத்து விடுதி அறை, ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். ஜன்னலோரம் ஆன், கேப்டன் ஹார்வில் என்ற நண்பரோடு, நெடுநாள் மறக்காமல் இருப்பது ஆணா பெண்ணா என்று வாதம் செய்துகொண்டிருக்கிறாள். சில அடி தள்ளி மேஜையில் வென்ட்வர்த் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறான். பேனா கீழே விழும் சத்தம் கேட்கிறது. அவன் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத் தன் குரல் எட்டியிருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம். எட்டியிருக்கிறது. அவளுக்குத்தான் இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். முடிவு அதே முடிவுதான். ஆனால் முதல் வடிவத்தை இன்று ஆராய்ச்சியாளர்கள் மட்டும் படிக்கிறார்கள், இரண்டாவதை உலகமே படிக்கிறது. கழித்துப்போட்ட பக்கங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவர் முடித்து வெளிவந்த நாவல்களின் கையெழுத்துப் படிகளில் மிஞ்சியவை அவை மட்டும்தான். ஆஸ்டின் கதையைத் திரும்ப எழுதியவர்களில் முதல் ஆள் ஆஸ்டின்தான் என்று நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

அவருக்குப் பிறகு வந்தவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள். 1913இலேயே சிபில் பிரிண்டன் என்ற பெண்மணி, ஆஸ்டினின் ஆறு நாவல்களிலிருந்தும் ஆட்களை அழைத்துவந்து ஒரே கதைக்குள் விட்டு மிச்சமிருந்தவர்களுக்கெல்லாம் ஜோடி சேர்த்துவைத்தார். 1995இல் பிபிசி தொடர் வந்தபிறகு அணை உடைந்தது. அதில் டார்சி குளத்தில் குதித்து ஈரச் சட்டையோடு எலிசபெத்தின் எதிரே வந்து நிற்பார். நாவலில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. ஆனால் பிறகு எழுதியவர்களில் பாதிப் பேர் அந்தக் குளத்திலிருந்துதான் கிளம்புகிறார்கள்.

எட்டு மறக்கிறது, இரண்டு நிற்கிறது என்கிறீர்களே, அதற்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப்பட்டது அதுதான். கதாநாயகி 'மாட்டேன்' என்று சொன்னால் அவளுக்கு என்ன நஷ்டம் என்பது தெரிகிற கதை நிற்கிறது. ஒரு நஷ்டமும் இல்லையென்றால் நிற்பதில்லை. நீங்கள் வங்கியில் இருப்பதால் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

எலிசபெத்தை அவளுடைய உறவினரான பாதிரியார் காலின்ஸ் பெண் கேட்கிற காட்சியை நோட்ஸில் நகைச்சுவைக் காட்சி என்று எழுதியிருப்பார்கள். சிரிப்புக்கு நடுவே அந்த ஆள் சொல்கிற ஒரு விவரம் உண்டு. எலிசபெத்துக்கு வரப்போவது மொத்தம் ஆயிரம் பவுண்டு, நான்கு சதவீத வட்டிப் பத்திரத்தில், அதுவும் அவள் அம்மா காலமான பிறகு. வருஷத்துக்கு நாற்பது பவுண்டு. இப்போது இருக்கிற லாங்போர்ன் வீடும் வருஷம் இரண்டாயிரம் வருமானமுள்ள நிலமும் அப்பாவுக்குப் பிறகு ஆண் வாரிசுக்குப் போய்விடும். அந்த வாரிசுதான் மண்டிபோடாத குறையாக முன்னால் நிற்கும் இந்தக் காலின்ஸ். அவள் சரி என்றால் அம்மாவுக்கும் நான்கு சகோதரிகளுக்கும் கூரை மிஞ்சும். அவள் மாட்டேன் என்கிறாள். வயது இருபது. சில மாதம் கழித்து வருஷம் பத்தாயிரம் பவுண்டுக்காரர் டார்சி வந்து கேட்கிறார். அவரிடமும் மாட்டேன் என்கிறாள். நாற்பது எங்கே, பத்தாயிரம் எங்கே!

இதே கணக்கை அவளுடைய தோழி ஷார்லட்டும் போட்டுப் பார்க்கிறாள். வயது இருபத்தேழு, அழகி இல்லை, வீட்டில் பெரிய பணமும் இல்லை. எலிசபெத் வேண்டாமென்ற காலின்ஸை இரண்டே நாளில் ஏற்றுக்கொள்கிறாள். அதற்காக ஆஸ்டின் அவளைத் தண்டிப்பதில்லை. காலின்ஸின் வீட்டில் ஷார்லட் தனக்கென்று பின்பக்கத்து அறையைத் தேர்ந்தெடுத்திருப்பாள். இன்னும் பெரிய, நல்ல சாப்பாட்டு அறையை ஏன் விட்டாள் என்று எலிசபெத்துக்கு முதலில் புரியாது. பிறகுதான் பிடிபடும். இந்த அறையும் அவ்வளவு வசதியாக இருந்தால் கணவர் நாள் முழுக்க இங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவார்! ஒரு கல்யாணத்தின் முழு வரலாறும் அந்த அறைத் தேர்வில் இருக்கிறது. இந்த மாதிரி ஓர் இடத்தை மறுகூறல் நாவல்களில் தேடிப் பாருங்கள், அநேகமாக இருக்காது. ஷார்லட்டுக்கும் ஒரு கர்னலைப் பிடித்துக் கட்டிவைத்துவிடுகிறார்கள்.

எலிசபெத்தின் அம்மா திருமதி பென்னட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்புத் தளர்ச்சி என்று படுத்துக்கொண்டு எல்லோரையும் படுத்துகிற அம்மா. எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் ஐந்து பெண்களை வைத்துக்கொண்டு வீடு கைவிட்டுப் போகப்போகிறது என்று அலறுகிற ஒரே ஆள் அவர்தான். புத்திசாலி அப்பா புத்தக அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஒரு பைசா சேர்த்துவைக்கவில்லை. பேத்தி, வாரிசு, புதையல் என்று எலிசபெத்துக்குப் பணம் கொடுத்துவிட்டால் இந்த அம்மா வெறும் கோமாளியாகிவிடுகிறார், காலின்ஸால் ஒரு பயமும் இல்லை, ஷார்லட் கதையில் எதற்கு இருக்கிறாள் என்றே தெரியாமல் போகிறது. மிஞ்சுவது ஒரு பணக்காரப் பெண்ணும் ஒரு பணக்கார ஆணும். அவர்களுக்குள் ஏதாவது மனஸ்தாபம் வேண்டுமே என்று ஆசிரியர் ஒரு திருட்டுக் கடிதத்தையோ பொறாமைக்கார அத்தையையோ கொண்டுவர வேண்டியிருக்கிறது. மறந்துபோன எட்டில் எத்தனையில் திருட்டுக் கடிதம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

'பர்சுவேஷன்' மறுகூறல்களில் இந்தக் கோளாறு இன்னும் அதிகம். மூலத்தில் ஆன் பத்தொன்பது வயதில் வென்ட்வர்த்துக்குச் சம்மதம் சொன்னவள். பையனிடம் காசில்லை, போர்க்காலக் கடற்படை வேலை, உயிருக்கே நிச்சயமில்லை. அம்மா ஸ்தானத்தில் இருந்த லேடி ரஸ்ஸல் வேண்டாம் என்று எடுத்துச் சொல்ல, அவள் பின்வாங்கினாள். எட்டு வருஷம் கழித்து, எதிரிக் கப்பல்களைப் பிடித்ததில் கிடைத்த பங்குப் பணம் இருபத்தைந்தாயிரம் பவுண்டோடு அவன் திரும்பி வருகிறான். இதைத் திரும்ப எழுதுகிறவர்கள் லேடி ரஸ்ஸலை வில்லியாக்கிவிடுகிறார்கள். அவர் கடிதத்தை ஒளித்துவைத்தார், பொய் சொன்னார் என்று. மூலத்தில் யாருமே பொய் சொல்லவில்லை. கடைசியில் ஆன் சொல்வது இதுதான்: அந்த அறிவுரை தவறாக இருந்திருக்கலாம், ஆனால் அந்த வயதில் நான் அதைக் கேட்டு நடந்தது சரி. உடனே வென்ட்வர்த் கேட்கிறான், இரண்டு வருஷத்திலேயே என் கையில் சில ஆயிரம் சேர்ந்துவிட்டதே, அப்போது நான் எழுதியிருந்தால் சம்மதித்திருப்பாயா? அவள் பதிலில் சந்தேகமே இல்லை. மிச்சம் ஆறு வருஷத்தைத் தின்றது தன்னுடைய வீம்புதான் என்று அந்த நிமிஷம் அவனுக்கு உறைக்கிறது. வில்லியைக் கொண்டுவந்தால் இது போச்சு.

கட்டாயக் கல்யாணக் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மழை, உடைந்த வண்டி, ஒரே அறை, ஊர்வாய், மூன்றாம் நாள் கல்யாணம். உடனே டார்சி சட்டைப்பையிலிருந்து ஸ்பெஷல் லைசென்ஸை எடுத்து நீட்டுவார். கான்டர்பரி ஆர்ச்பிஷப்பிடம் வாங்க வேண்டிய சீட்டு அது. அந்தஸ்தின் உச்சம் என்பதால்தான் திருமதி பென்னட் அந்தப் பேச்சையெடுத்துக் குதிக்கிறார். இந்த நாவல்களில் அது பஸ் டிக்கெட் மாதிரி கிடைக்கிறது. அது கூடப் பரவாயில்லை. அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் கல்யாணமானதும் மனைவியின் ரொக்கம் கணவனுடையது. தன் பேரில் அவளால் ஒப்பந்தம்கூடப் போட முடியாது. 1857 வரைக்கும், முழு விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட வேண்டும். சொத்துரிமைச் சட்டங்கள் 1870இலும் 1882இலும்தான் வந்தன. இந்த நிலைமையில் முன்பின் பிடிக்காத ஒருவரின் வீட்டுக்கு ஒரு பெண் போகிறாள் என்றால் முதல் வாரம் முழுக்க அவளுக்கு என்ன நினைப்பு ஓடும்? பெரும்பாலான ஆசிரியர்கள் அவளுக்கு நூலகத்தைச் சுற்றிக்காட்டிச் சமாதானப்படுத்திவிடுகிறார்கள். தன் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று டார்சியே உணர்ந்து கூசுகிற மாதிரி எழுதிய சில பேர் உண்டு. உங்கள் மனதில் நின்ற இரண்டில் ஒன்று அப்படிப்பட்டதாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இந்த வகையில் இன்று வருகிற டியூக்குகள், அல்மாக்ஸ் நடனக்கூடம், நான்கு குதிரை வண்டிப் பந்தயம் இதெல்லாம் ஆஸ்டினிடமிருந்து வந்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்டினின் ஆறு நாவல்களில் எந்த நாயகனும் டியூக் இல்லை. நிலக்கிழார், பாதிரியார், கடற்படைக்காரர், அவ்வளவுதான். அந்த மேல்தட்டு ஜரிகையெல்லாம் ஜார்ஜெட் ஹேயர் நெய்தது. 1935இல் அவருடைய முதல் ரீஜென்சி நாவல் வந்தது. உடை, வண்டி, வசைச்சொல் எல்லாவற்றுக்கும் குறிப்பேடு போட்டு உழைத்து எழுதியவர், பேச்சில் அப்படி ஒரு மின்னல். ஆனால் பிறப்பு உசத்தி என்ற நம்பிக்கையும் கூடவே வரும். 1950இல் வந்த ஒரு நாவலில் வட்டிக்குவிடும் யூதரை அவர் வரைந்திருக்கும் விதம், அதுவும் இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தே வருஷத்தில், எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. பின்னால் வந்தவர்கள் ஜரிகையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உழைப்பும் மின்னலும் நகல் எடுக்க வரவில்லை.

உங்கள் தோழி சொன்ன 'உடம்பே இல்லாத காதல்' விஷயத்துக்கு வருகிறேன். அவர் 'பர்சுவேஷன்' ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்திருக்கிறாரா என்று கேளுங்கள். அக்காலத்து நாகரிகப்படி, நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது. டார்சி தன் கடிதத்தைத் தோப்பில் காத்திருந்து கையில் கொடுப்பதும், வென்ட்வர்த் தன்னுடையதை மேஜையில் வைத்து அவளைக் கண்ணால் கெஞ்சிவிட்டுப் போவதும் அதனால்தான். இந்தக் கட்டுக்குள் நடக்கிற காட்சி அது.

ஆன் தங்கையின் வீட்டில் இருக்கிறாள். எலும்பு பிசகிய பையன் ஒருவன் சோபாவில் படுத்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து வென்ட்வர்த் உள்ளே வருகிறான், அவள் பையன் பக்கத்தில் மண்டியிட்டு அவனைக் கவனிக்கத் தொடங்குகிறாள். அறையில் இறுக்கம். இன்னொரு ஆள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறான். அப்போது இரண்டு வயது வால்டர் ஓடிவந்து அவள் முதுகில் தொற்றிக்கொள்கிறான். இறங்கு என்றால் இறங்கவில்லை. கெஞ்சுகிறாள், அதட்டுகிறாள், கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறான். செய்தித்தாள்காரன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வால்டர், இங்கே வா" என்கிறான், எழுந்திருக்கவில்லை. சட்டென்று முதுகுப் பாரம் குறைகிறது. கழுத்தை இறுக்கிய குட்டிக் கைகளை யாரோ பிரித்து எடுக்கிறார்கள். குழந்தை தூக்கிப்போகப்பட்ட பிறகுதான் தூக்கியது வென்ட்வர்த் என்று அவளுக்குத் தெரிகிறது. நன்றி சொல்ல வாய் வரவில்லை. படுத்திருக்கும் பையன்மேல் குனிந்துகொள்கிறாள். அவனோ நன்றி காதில் விழுந்துவிடக் கூடாதென்று குழந்தையோடு வேண்டுமென்றே சத்தம் போட்டு விளையாடுகிறான். அவ்வளவுதான் காட்சி. அவன் விரல் அவள்மேல் பட்டதாகக்கூட ஆஸ்டின் எழுதவில்லை. இதில் உடம்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

படுக்கையறைக் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை வைத்து ஸ்வீட் நாவலை எடைபோடுவது இரண்டு பக்கத்துக்காரர்களும் செய்கிற காரியம். உங்கள் தோழி மூடியிருப்பதால் மட்டம் என்கிறார், நீங்கள் மூடியிருப்பதால் பத்திரம் என்கிறீர்கள். ஆஸ்டின் அப்படியொன்றும் பத்திரமான ஆள் இல்லை. எலிசபெத்தின் தங்கை, பதினாறு வயது லிடியா, கல்யாணமாகாமல் லண்டனில் விக்கம் என்ற ராணுவ அதிகாரியோடு வாழ்கிறாள். 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் வில்லபி ஒரு சிறுபெண்ணைக் கர்ப்பிணியாக்கிக் கைவிட்டவன். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் கல்யாணமானவள் இன்னொருவனோடு ஓடிப்போகிறாள். அரசருக்குப் பதிலாக அப்போது நாட்டை ஆண்ட ரீஜென்ட் இளவரசரே வைப்பாட்டிகளுக்குப் பேர்போனவர். ஆஸ்டினுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. 'எம்மா'வை அவருக்குச் சமர்ப்பணம் செய்யலாம் என்று அரண்மனை நூலகர் 'அனுமதி' தந்தபோது வேறு வழியில்லாமல்தான் செய்தார். இன்றைய ஸ்வீட் நாவல்களின் உலகம் ஆஸ்டின் உலகத்தைவிடப் பல மடங்கு அப்பாவி. எனக்கு அதில்தான் குறை. முத்தத்தோடு நிற்பதில் ஒரு குறையும் தெரியவில்லை.

மறுகூறல் நன்றாக வந்ததற்கு நம் பக்கமே ஓர் உதாரணம் இருக்கிறது. 2000இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்', 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத் தழுவியது. பாட்டும் நட்சத்திரங்களும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்குப் பிடித்தது வேறு. தாத்தாவின் உயில் வருகிறது, செட்டிநாட்டு வீடு மகன் பக்கம் போகிறது, அம்மாவும் பெண்களும் சென்னைக்கு வந்து வேலை தேடுகிறார்கள். உடை மாறியது, ஊர் மாறியது, காலை இழந்த ராணுவ அதிகாரியாக மம்முட்டி வந்தார். அந்த உயிலில் மட்டும் இயக்குநர் ராஜீவ் மேனன் கைவைக்கவில்லை.

கடலூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்டினின் சொந்த அத்தை ஃபிலடெல்ஃபியாவுக்கு உங்கள் ஊரில்தான் கல்யாணம் நடந்தது. அப்பாவின் அக்கா. சிறுவயதிலேயே பெற்றோர் இல்லை, சீதனம் இல்லை. லண்டனில் தொப்பி, நாடா தைக்கிற தொழில் பழக அனுப்பினார்கள். 1752இல் கப்பலேறி ஆகஸ்டில் மதராஸில் இறங்கினார். அடுத்த பிப்ரவரியில் கடலூரில் டைசோ ஹான்காக்கை மணந்தார். தேவனாம்பட்டினத்தில் இருந்த கம்பெனிக் கோட்டை, செயின்ட் டேவிட், அதன் அறுவை மருத்துவர் அவர். ஏழு மாதத்துக்குள் கல்யாணம். ஏன் வந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. அந்தத் தம்பதியின் மகள் எலைசாதான் பின்னாளில் ஜேனின் அண்ணன் ஹென்றியை மணந்தவர். ஜேன் 1792இல், பதினாறு வயதில் எழுதிய ஒரு முடிக்காத கதையில், அநாதையான பெண் ஒருத்தியை உறவினர்கள் வங்காளத்துக்குக் கப்பலேற்றி, அவளைவிட இரு மடங்கு வயதானவருக்குக் கட்டிக்கொடுப்பார்கள். வசதியான வாழ்க்கை, சந்தோஷமில்லை. அத்தை கதை அந்த வீட்டில் எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்று அதிலிருந்து ஊகிக்கலாம்.

இன்னொரு கிளை திருகோணமலை வரை போகிறது. ஜேனின் தம்பி சார்ல்ஸ் கடற்படையில் இருந்தவர். பிடிபட்ட கப்பலில் கிடைத்த பங்கில் 1801இல் அக்காமார் இருவருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கித் தந்தார். அந்தச் சிலுவைகள் சாட்டன் ஊரில் ஆஸ்டின் வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வென்ட்வர்த்தின் இருபத்தைந்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? அந்தச் சார்ல்ஸ் 1852இல் பர்மாவில் காலராவில் இறந்தார். அடக்கம் செய்தது திருகோணமலையில்.

சரி, உங்கள் கதை. முதலில் அந்த லண்டன் மாமா மூலத்தில் வருகிற தாய்மாமா கார்டினராக இருக்கக் கூடாது. அவருக்கே நான்கு பிள்ளைகள், அவர்களை விட்டுவிட்டு மருமகளுக்கு எழுதமாட்டார். வேறொரு உறவைப் பிடியுங்கள். இருபதாயிரத்தை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பணம் யாரையெல்லாம் இழுக்கும் என்று பின்தொடர்ந்து போங்கள். மூலத்தில் விக்கம் எலிசபெத்தை விட்டுவிட்டு மேரி கிங் பின்னால் ஓடுவது அவளுக்குப் பத்தாயிரம் வந்ததால். உங்கள் எலிசபெத்திடம் இருப்பது அதைப்போல இரண்டு பங்கு. டார்சியின் தங்கையிடம் முப்பதாயிரத்துக்கு வலை வீசித் தவறவிட்டவன் இவளை விடுவானா? அவளுக்கும் அந்தச் சமயத்தில் அவனைப் பிடிக்கும். அப்பாவுக்கும் அவனைப் பிடிக்கும், வேடிக்கையான பையன் என்று. இருபத்தொன்று ஆகாத பெண்ணின் கல்யாணத்தைத் தகப்பனால் சட்டப்படி தடுக்க முடியும், ஆனால் திரு. பென்னட் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சம்மதம் கொடுத்துவிடுவார். கல்யாணமானால் ரொக்கம் முழுக்க விக்கமுடையது. தர்மகர்த்தாக்களை வைத்து முன்கூட்டியே எழுதிக்கட்டினால் மட்டும்தான் தப்பும். அந்தப் பத்திரத்தைப் பற்றி யோசிக்கிற ஒரே ஆள், காலின்ஸை மணந்துகொண்டு தூரத்தில் இருக்கும் ஷார்லட்டாக இருக்கலாம்.

டார்சிக்கு உண்மை தெரியும். சொன்னால் தங்கையின் பெயர் ஊர் வாயில் விழும், சொல்லாவிட்டால் இவள் போய்விடுவாள். அவள் இன்னும் டார்சியை வெறுக்கிறாள், அவன் சொன்னாலும் நம்பப்போவதில்லை. லைசென்ஸ் வேண்டாம், கோயில் அறிவிப்பு முறையிலேயே கல்யாணத்தை வையுங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பெயர்களைப் படித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். முதல் ஞாயிறு டார்சி ஊரிலேயே இல்லை, லண்டனில் இருக்கிறான் என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது அத்தியாயத்தில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த நடனக் காட்சியைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். தள்ளிவிடுங்கள், இப்போது அது அங்கே சும்மாதான் இருக்கும்.

அன்புடன்